கொழுப்பிலிருந்து சினைப்பைக்குப் போகும் சேதி

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பெண்ணுக்கு மூன்று நான்கு மாதமாகத் தூரம் (மாதவிடாய்) வரவில்லை என்றால், கிளினிக்குக்குப் போகும் முன்பே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். மெலிந்த பெண்ணிடம் "நல்லாச் சாப்பிடு" என்பார்கள். பருத்த பெண்ணிடம் "வாயைக் கட்டு" என்பார்கள். இரண்டு பேர் உடம்பிலும் நடப்பது ஒன்றல்ல. ஆனால் லெப்டின் என்ற ஹார்மோன் இரண்டு இடத்திலும் தலை காட்டுகிறது.

1994-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். லெப்டினைச் சுரப்பது கொழுப்புச் செல்கள்தான். கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டினும் கூடும். பட்டினி கிடந்தாலோ, எடை குறைவதற்கு முன்பே மளமளவென்று இறங்கிவிடும்.

விருந்துக்கு அழைக்கும் முன் அரிசிப் பானையைப் பார்ப்பதுபோல, மூளையின் ஹைப்போதலாமஸ் இந்த லெப்டின் அளவைப் பார்க்கிறது. போதாது என்றால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் தூண்டுதல் மந்தமாகும். சினைப்பையை இயக்க அது சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டும் குறையும், சினைப்பை ஓய்ந்துவிடும். இதற்கு நல்ல சான்று 2004-ல் கிடைத்தது. கடும் உடற்பயிற்சியாலோ எடைக் குறைவாலோ தூரம் நின்றுபோன 8 பெண்களுக்குச் செயற்கை லெப்டின் கொடுத்தார்கள். எடை கூடாமலேயே 3 பேருக்குக் கருமுட்டை வெளியானது. சேதி போய்ச் சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் முடிவு இது.

சரி, லெப்டின் அதிகமானால்? அதற்குச் சினைப்பைக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும். கருமுட்டை வளரும் சிறு பையின் வெளிச்சுவரில் தீக்கா செல்கள் இருக்கின்றன. எல்.எச். தூண்டினால் இவை கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைத் தயாரிக்கும். உட்புறமுள்ள கிரானுலோசா செல்கள் அதை வாங்கி, எஃப்.எஸ்.எச். தூண்டுதலில், அரோமடேஸ் நொதியைக் கொண்டு ஈஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். லெப்டின் வந்து ஒட்டும் ஏற்பிகள் இந்தச் செல்களிலும் உண்டு. எலியின் கிரானுலோசா செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து 1997-ல் சோதித்தார்கள். எஃப்.எஸ்.எச்.சோடு இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியும் சேர்ந்தால் ஈஸ்ட்ராடையால் எகிறும். லெப்டினைச் சேர்த்ததும் அந்த எகிறல் அடங்கியது. மூளையில் பச்சைக்கொடி காட்டும் அதே ஹார்மோன், அளவு மிஞ்சினால் சினைப்பையில் கையைப் பிடித்து இழுக்கிறது.

மனித உடம்பில் இது தனியாக நடப்பதில்லை. உடல் பருத்தவர்களுக்கு இன்சுலினும் பெரும்பாலும் கூடியிருக்கும். அது தீக்கா செல்களை முடுக்கி ஆண்ட்ரோஜனைப் பெருக்கும். நம் பெண்கள் பலர் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ்ஸில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு லெப்டின் ஒன்றையே காரணமாக்கிவிட முடியாது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது.

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள். அதனால் எடையைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டதாக நினைப்பது இங்கே மிகச் சுலபம். மூன்று மாதம் தூரம் வராவிட்டால் முதலில் கர்ப்பமா என்று பார்த்து, அப்புறம் தைராய்டு, புரொலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஆண்ட்ரோஜன், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாலும் தயங்காமல் கூட்டிப் போங்கள்.