உடலை மண்ணாக்கும் கலன்

அமெரிக்காவின் பண்ணைகளில் மாடு இறந்தால் அதை மரச்சீவல் குவியலுக்குள் புதைத்து, சில மாதங்களில் எருவாக்கிவிடும் வழக்கம் உண்டு. மனித உடலுக்கும் அதே வழி பொருந்தாதா என்று கேட்ட கட்டடக்கலைஞர் கேட்ரினா ஸ்பேட், பின்னர் ரீகம்போஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் அறிஞர் லின் கார்பென்டர்-பாக்ஸ், தானமாகப் பெற்ற ஆறு உடல்களைக் கொண்டு 2018இல் இதைச் சோதித்தார். மறு ஆண்டே அம்மாநிலம் உடலை மட்கச் செய்வதைச் சட்டபூர்வமான இறுதிச் சடங்காக ஏற்றது; 2020 டிசம்பரில் சியாட்டிலுக்கு அருகிலுள்ள கென்ட் நகரில் முதல் உடல்கள் கலனுக்குள் வைக்கப்பட்டன.

புதைத்த உடலும் மண்ணாகத்தானே போகிறது என்று தோன்றலாம். வேறுபாடு ஆக்சிஜனில் இருக்கிறது. ஆறடி ஆழத்தில் காற்று குறைவு. அங்கே சிதைவு மெதுவாக நடப்பதோடு மீத்தேன், துர்நாற்ற வாயுக்கள் ஆகியவற்றையும் உண்டாக்குகிறது. எஃகுக் கலனுக்குள் மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் ஆகியவற்றைப் பரப்பி, நடுவில் உடலைக் கிடத்தி, மேலும் அவற்றாலேயே மூடி, காற்றை விடாமல் செலுத்துகிறார்கள். உடலில் தழைச்சத்து மிகுதி, மரத்தில் கரிமம் மிகுதி. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கரிமம் என்ற அளவில் இரண்டும் கலந்திருந்தால் நுண்ணுயிரிகள் தழைத்துப் பெருகும். இவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. உடலிலும் வைக்கோலிலும் அவை ஏற்கெனவே இருக்கின்றன.

கலனைச் சூடாக்க அடுப்பு எதுவும் கிடையாது. எருக்குவியலைக் கிளறும்போது ஆவி பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது: கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நுண்ணுயிரிகள் வெளியிடும் வெப்பத்தை, சுற்றியுள்ள மரச்சீவல் வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெப்பநிலை 40 பாகையைக் கடக்கும்போது சாதாரண நுண்ணுயிரிகள் ஒதுங்க, வெப்பத்தை விரும்பும் வகைகள் பொறுப்பேற்கின்றன. தொடர்ந்து 72 மணி நேரம் 55 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் 70 பாகையைத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிரிகளே மடியத் தொடங்கும். காற்றை அதிகம் செலுத்தினால் குவியல் ஆறி உலர்ந்துவிடும். குறைத்தால் அழுகல் நாற்றம் எழும். இயற்கையான முறை என்று விளம்பரம் சொன்னாலும், இதன் உயிர்நாடி காற்றையும் ஈரத்தையும் அளந்து கொடுக்கும் பொறியியல்தான்.

ஐந்து முதல் ஏழு வாரங்களில் திசுக்கள் மட்கிவிடும். எலும்பு அப்படி மட்காது. தகனத்துக்குப் பின் செய்வது போலவே எலும்புகளைப் பொடியாக்கி மீண்டும் கலக்கிறார்கள். செயற்கை மூட்டு போன்ற உலோகங்களைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். பிரியான் என்னும் புரதத்தால் வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோபு என்ற மூளை நோயில் இறந்தவர்களை இம்முறையில் ஏற்பதில்லை, ஏனெனில் அந்தப் புரதம் இந்த வெப்பத்துக்கு மசியாது. எபோலாவுக்கும் அதே விலக்கு உண்டு.

எரிவாயுத் தகனத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கே போதும் என்றும், ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு டன் கரியமிலவாயு மிச்சமாகும் என்றும் ரீகம்போஸ் கணக்கிடுகிறது. தைலமிட்ட உடல், கான்கிரீட் அறை, உலோகப் பெட்டி என்று அமெரிக்கர்கள் செய்யும் அடக்கத்தோடு ஒப்பிடும்போது இந்தச் சேமிப்பு பெரிதாகத் தெரிகிறது; வெறும் துணி சுற்றிப் புதைக்கும் ஊரில் அது வெகுவாகச் சுருங்கிவிடும் என்றே நினைக்கிறேன். கட்டணமும் சுமார் 7,000 டாலர்.

கலனிலிருந்து எடுத்த மண் இன்னும் சில வாரங்கள் காற்றோட்டத்தில் ஆறி முதிர வேண்டும். ஈயம், பாதரசம், காட்மியம், குடல் கிருமிகள் ஆகியவற்றுக்கான சோதனையிலும் தேற வேண்டும். இறுதியில் கிடைப்பது சுமார் முக்கால் கன மீட்டர். அதில் பெரும்பகுதி மரமும் வைக்கோலுமாக இருந்ததுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில குடும்பங்கள் முழுவதையும் லாரியில் ஏற்றிச் செல்கின்றன. சில குடும்பங்கள் ஒரு பெட்டியளவு மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை வாஷிங்டனின் தெற்கிலுள்ள பெல்ஸ் மவுண்டன் காட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன.