பொருளாதார நெருக்கடியில் டேகேர் தாங்குமா? 2022 காட்டிய கணக்கு

கொழும்பில் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அவற்றில் சில டேகேர் நிலையங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, இருபது முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள். புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, "திரும்பவும் 2022 மாதிரி வந்தால் தாங்குமா?" என்பதைத்தான். தாங்கும். ஆனால் அது எதனால் விழும் என்று அவர்கள் நினைப்பதும், உண்மையில் எதனால் விழுகிறது என்பதும் வேறு வேறு.

அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் 400 கிராம் பால்மா ஒரே நாளில் 250 ரூபாய் ஏறி 790 ஆனது. அதே மாதக் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஜூனில் பெட்ரோல் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. கொரோனாவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த இடங்கள், சேமிப்பு ஏதும் இல்லாத நிலையில் இதற்கும் முகம் கொடுக்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு வேலை போனால் பிள்ளை வீட்டில் நிற்கும், டேகேர் காலியாகும் என்பதுதான் பொதுவான பயம். அது பாதி உண்மை. வேலை போகாத அம்மாவுக்கு அந்த நேரத்தில் வேலையை விட முடியவே முடியாது. ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் போய்விடுவதில்லை, சிலர்தான் போகிறார்கள். அந்தச் சிலரே போதும் என்பதுதான் பிரச்சினை.

விளங்குவதற்காக ஒரு கணக்கு போடுகிறேன். 24 பிள்ளைகள், மாதம் தலைக்கு 15,000 ரூபாய், வருமானம் 3,60,000. வாடகை 90,000. பிள்ளைகளைப் பார்க்கும் ஐந்து பேருக்கு 32,000 வீதம் 1,60,000. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி பங்காகச் சம்பளத்தில் 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3, ஆக 15 சதவீதம்: 24,000. கரண்ட், தண்ணீர் 12,000. சாப்பாடு 45,000. எல்லாம் போக நடத்துபவர் கையில் மிஞ்சுவது 29,000. இதில் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து குறையக்கூடிய செலவு சாப்பாடு மட்டும்தான். மற்ற 2,86,000 ரூபாயும் யார் வந்தாலும் வராவிட்டாலும் போகும். கூட்டிப் பார்த்தால் 22 பிள்ளைகள் இருந்தால்தான் செலவே கட்டும். முழுதாக நிரம்பிய இடத்தில்கூட, மூன்றாவது பிள்ளை விலகிய மாதமே நட்டம் தொடங்கிவிடும். எட்டுப் பேர் விலகினால் மாதம் 76,000 ரூபாய் பள்ளம்.

சரி, ஆளைக் குறைக்கலாமே? பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதைத்தான், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். ஒருவரை நிறுத்தினால் மிச்சம் 36,800. பள்ளம் பாதிதான் மூடும். ஆனால் கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் ஒருவர் மூன்று நான்கு பேருக்கு மேல் பார்க்க முடியாது. ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கட்டிலில் எழுந்து நிற்கும். ஆள் குறைந்த இடத்தில் குழந்தைகளையும் ஓடித் திரியும் பிள்ளைகளையும் ஒரே அறையில் விடுவார்கள், ஒரு பிள்ளை விழும், அடுத்த வாரம் மூன்று பெற்றோர் நிறுத்துவார்கள். அப்புறம், இரண்டு வருடம் பழகிய அக்கா போய்விட்டால் பிள்ளை வாசலிலேயே அழும். நிலைமை சீரானபின் அதே அக்காவைத் திரும்பக் கூப்பிட முடியுமா? 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். பிள்ளை பார்க்கத் தெரிந்த பெண்களுக்கு அங்கேயும் கிராக்கி.

தாக்குப்பிடித்த இடங்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால், அவர்கள் முதலில் கை வைத்தது வாடகையில். ஆறு மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தாருங்கள், பிறகு தவணையில் சேர்த்துத் தருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசி, எழுதி வாங்கினார்கள். காலியான வீட்டுக்கு அந்த நேரத்தில் வேறு ஆள் வராது என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். மேலே உள்ள கணக்கில் அது மாதம் 30,000.

அடுத்து, முழு மாதம் என்ற பிடிவாதத்தை விட்டார்கள். கிழமைக்கு இரண்டு நாள் அலுவலகம் போகும் பெற்றோருக்கு இரண்டு நாள் கட்டணம். தற்காலிகமாக நிறுத்துபவரிடம் இடத்தை வைத்திருக்கச் சிறு தொகை. பாடசாலை மூடியிருந்த வாரங்களில் ஏழெட்டு வயது அண்ணன் அக்காமாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னேரம் ஒரு ஆசிரியை வந்து வீட்டுப்பாடம் பார்த்தார். காஸ் கிடைக்காத மாதங்களில் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொடுத்துவிடச் சொன்னார்கள், அதற்கு ஏற்பக் கட்டணத்தையும் குறைத்தார்கள். வேனை நம்பியிருந்த இடங்களுக்கு எரிபொருள் இல்லாமல் பிள்ளைகள் வருவது நின்றது. நடந்து வந்து விடக்கூடிய தூரத்தில் குடும்பங்கள் இருந்த இடங்கள் தப்பின. புதிதாக இடம் தேடுபவர்கள் அழகான வீட்டைவிட இதைப் பாருங்கள்.

விழுந்த இடங்களில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கடன். 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டிக்குக் கடன் வாங்கிப் பெயின்ட் அடித்து, ஏசி போட்டவர்களின் தவணை தாங்க முடியாததாயிற்று. இன்னொன்று பெற்றோர் கொடுத்த முற்பணம். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. அதை எடுத்துச் சம்பளம் கொடுத்தவர்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் பிள்ளைகளை நிறுத்தித் திருப்பிக் கேட்டபோது கதவை மூடினார்கள். முற்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், தயவுசெய்து. சேமலாப நிதிக்குக் கட்டுவதைத் தள்ளிப்போடுவதாலும் காசு மிச்சமாகாது: தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டிவரும்.

தனி ஆளின் சாமர்த்தியத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு 1933இல் அவசர நர்சரிப் பள்ளிகளைத் திறந்தது. வேலையிழந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதன் முக்கிய நோக்கம். கொரோனாவுக்குப் பிறகு 2021இல், பராமரிப்பு நிலையங்கள் மூடாமலிருக்க அதே நாடு 24 பில்லியன் டாலர் மானியம் ஒதுக்கியது. நான் பார்க்கும் எந்தப் புத்தகத்திலும் 2022இல் அப்படி ஒரு வரவு இல்லை. இலங்கையில் வேலை வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளையைப் பார்க்கும் இடத்துக்கு ஆறு மாத வாடகை உதவி கொடுப்பது வீண்செலவு அல்ல. கேட்க வேண்டியதைச் சேர்ந்து கேட்க, டேகேர் நடத்துபவர்களுக்கு ஒரு சங்கமாவது வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. கட்டணம் கூட்டும் கடிதம் வந்தால் கோபப்படுமுன், அந்தக் காசு எதற்கு என்று கேளுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய், குழந்தைகள் அறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கட்டணம் ஏறியும் ஆள் குறைந்திருந்தால், வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஆள் அப்படியே இருந்தால், முடிந்ததைக் கொடுத்து அந்த இடத்தை மூடாமல் காப்பாற்றுங்கள்.