"வேலைக்குப் போறீங்களா?" என்ற கேள்வியில் விடுபடும் ஐந்து மணி நேரம்

களஆய்வுக்காக வீடு வீடாகப் போகிறவர்களுக்குப் பழகிப்போன பதில் ஒன்று உண்டு. "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்லதான் இருக்கேன்." சொல்கிறவர் கையில் சாணிக்கூடை இருக்கும், பின்னால் கறவை மாடு கத்திக்கொண்டிருக்கும். படிவத்தில் அவர் 'வீட்டு வேலை மட்டும்' என்று பதிவாகிவிடுவார். மாட்டைக் கவனிப்பது அவர்தான். பால் சொசைட்டி அட்டை மட்டும் கணவர் பெயரில்.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இப்படிக் கேட்பதில்லை. முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தையும் அரை அரை மணியாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். "எழுந்ததும் என்ன செஞ்சீங்க? அப்புறம்?" வாசல் தெளித்தது, தண்ணீர் பிடித்தது, உலை வைத்துக்கொண்டே பிள்ளைக்குத் தலை வாரியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் பதில் பாதியாகச் சுருங்கும் என்பது வேறு கதை.

இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். நாடு முழுக்க நடத்த 2019 ஆயிற்று. அந்தக் கணக்கெடுப்பில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். செய்தவர்களுக்குள்ளும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

இந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லித்தான் தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. அகில இந்திய சராசரியான 299 நிமிடத்தை வைத்து வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. கூலியாகப் பார்த்தால் கேலிதான். ஆனால் அரசு இதைக் கூலி என்று சொல்லவில்லை. பணம் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே விழுவதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்த 299 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடப் பணம் நேரடியாகக் குறைக்காது. குழாயில் தண்ணீர் வந்தால் குறையலாம், அங்கன்வாடி மாலை வரை திறந்திருந்தால் குறையலாம். பள்ளியில் காலை உணவு போடுவதால் அம்மாக்களுக்கு விடியற்காலையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதையும் இதே அரை மணிப் படிவத்தால் அளக்கலாம்.

உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வந்தால், வீட்டுப் பெண்ணுக்கான கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றாலே போதும்.