சகதர்மிணி: பொருளும் தமிழ்ச் சொல்லும்

பழைய நூல்களின் முன்னுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் மனைவியை 'என் சகதர்மிணி' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. இன்று அதை மனைவிக்கான ஒரு மரியாதைச் சொல்லாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். சொல்லின் பொருள் அதைவிடக் கனமானது. வடமொழியில் 'சஹ' என்றால் கூட, சேர்ந்து. 'தர்மம்' என்றால் அறம். அறத்தைச் சேர்ந்து செய்பவள் என்பதே சகதர்மிணி.

வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில் சனகர் தம் மகளை இராமனுக்குக் கொடுக்கும்போது சொல்லும் வாக்கு, 'இயம் சீதா மம சுதா சஹதர்மசரீ தவ'. இவள் சீதை, என் மகள், உன்னோடு அறம் செய்பவள். திருமணங்களில் இன்றும் ஓதப்படும் இந்தச் சுலோகத்தில் வரும் சஹதர்மசரீ, பின்னர் வழங்கிய சகதர்மசாரிணி, சகதர்மிணி எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

'பத்தினி'யும் இதற்கு உறவுதான். 'பதி' என்ற சொல், வேள்வியோடு தொடர்புபடும்போது 'பத்னி' என்று பெண்பால் வடிவம் கொள்ளும் என்பது வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் விதி. வேள்வியில் உடன் அமர்பவளே பத்னி. அவள் இல்லாமல் வேள்வி நிறைவேறாது. அதனால்தான் உத்தர காண்டத்தில், சீதையைப் பிரிந்த இராமன் அசுவமேதம் செய்யும்போது பொன்னால் அவள் உருவத்தைச் செய்துவைத்துக்கொள்கிறான். தமிழுக்கு வந்தபின் 'பத்தினி'யிலிருந்து வேள்வி மறைந்து கற்பு மட்டும் நின்றது. எனக்கு இது ஓர் இழப்பாகவே படுகிறது. ஒரு செயலில் அவளுக்கிருந்த பங்கைச் சொன்ன சொல், அவளுடைய ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் சொல்லாகிவிட்டது.

ஆனால் சகதர்மம் என்ற கருத்தைத் தமிழ்க் காப்பியங்கள் வேள்விச் சாலையிலிருந்து அடுக்களைக்கும் வாசலுக்கும் கொண்டுவந்தன. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாருங்கள். மதுரைக்கு வெளியே ஆய்ச்சி மாதரியின் பொறுப்பில் தங்கிய கண்ணகி, மெல்விரல் சிவக்கக் காய் அரிந்து சமைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கோவலனுக்குச் சோறு இடுகிறாள். அவன் தன் பழைய வாழ்வை எண்ணி வருந்துகிறான். அப்போது அவள், 'அறவோர்க்கு அளித்தலும் அந்தணர் ஓம்பலும் துறவோர்க்கு எதிர்தலும் தொல்லோர் சிறப்பின் விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை' என்கிறாள். கணவன் மாதவியோடு இருந்த காலத்தில் தான் எதை இழந்தாள் என்று பட்டியலிடும்போது அவள் நகையையும் செல்வத்தையும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குச் செய்ய முடியாமல் போன கடமைகளைச் சொல்கிறாள். கூடவே, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுகிறாள். கணவனுக்குத் துணைநிற்கும் மனைவி வாய் திறக்கமாட்டாள் என்று எண்ணுபவர்கள் இந்த அடியை நிறுத்திப் படிக்க வேண்டும்.

கம்பனின் சீதையும் இப்படித்தான். அசோக வனத்தில் சிறையிருக்கும் நிலையிலும் அவள் கவலை, இராமனுக்குக் கீரை உணவை யார் பரிமாறுவார்கள் என்பது. 'விருந்து கண்டபோது என் உறுமோ என்று விம்மும்' என்கிறான் கம்பன். விருந்தினர் வந்தால், நான் இல்லாமல் அவன் என்ன செய்வான்? இராமன் வேள்விக்குச் சீதை வேண்டியிருந்ததுபோல, கண்ணகியின் விருந்தோம்பலுக்குக் கோவலன் வேண்டியிருந்தான். ஒருவர் விலகினால் மற்றவருடைய அறமும் முடங்கும். 'சக' என்ற முன்னொட்டின் முழுக் கனமும் இங்கே தெரிகிறது.

போர்ப் பாடல்களிலும் இவள் உண்டு. விழுப்புண் பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பதற்குத் தொல்காப்பியம் 'தொடாக் காஞ்சி' என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. அங்கே வரும் சொல் 'இன்னகை மனைவி'. புறநானூற்றில் அரிசில்கிழாரின் பாட்டு அந்தக் காட்சியை விரிக்கிறது. வீட்டில் இரவ இலையும் வேம்பும் செருகி, வெண்கடுகு தூவி, யாழிசைத்து, நறும்புகை எழுப்பி, நெடுந்தகையின் புண்ணைக் காப்போம் வா என்று தோழியை அழைக்கிறாள். களத்தில் அவன் வேந்தனின் துன்பத்தைத் தாங்கினான்; வீட்டில் அவள் அவனைத் தாங்குகிறாள்.

இனி, தமிழில் எதைச் சொல்வது? 'மனைவி', 'மனையாள்', 'இல்லாள்' மூன்றும் வீட்டை வைத்து அமைந்தவை, நல்ல சொற்கள். ஆனால் இருவரும் சேர்ந்து என்ற குறிப்பு அவற்றில் இல்லை. 'இல்லாள்' என்பதற்கு நேரான ஆண்பால் வடிவமாகத் தோன்றும் 'இல்லான்' என்பதோ வறியவனைக் குறிக்கிறது. 'இல்லானை இல்லாளும் வேண்டாள்' என்று நல்வழியே இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பாடுகிறது. 'இல்லத்தரசி' இக்காலத்து மதிப்புச் சொல்; அரசி தனியாக ஆள்பவள் என்பதால் அங்கும் 'சக' விடுபடுகிறது. தொல்காப்பியத்தின் 'கிழவன்', 'கிழத்தி' மிகப் பொருத்தமான இணை. கிழமை என்றால் உரிமை. இருவருக்கும் ஒரே வேர். கிழவன் முதியவனாகிவிட்ட இன்றைய வழக்கில் அதை மீட்பது கடினம்.

எஞ்சுவது வள்ளுவர் தந்த 'வாழ்க்கைத் துணை'. சகதர்மிணிக்குச் சரியான தமிழ் இதுவே என்பது என் முடிவு. தருமம் என்ற சொல் வெளிப்படையாகத் தெரியவேண்டிய இடத்தில், சனகரின் வாக்கைத் தமிழாக்கும்போது, 'அறத்துணை' என்று எழுதலாம். துணைவேந்தர், துணை ஆட்சியர் போன்ற பதவிப் பெயர்களில் பழகிவிட்டதால், துணை என்றாலே ஒரு படி கீழே என்று நினைத்துச் சிலர் தயங்குகிறார்கள். வள்ளுவர் அந்தச் சொல்லை முதலில் ஆணுக்குத்தான் கொடுத்தார். 'இல்வாழ்வான் என்பான் இயல்புடைய மூவர்க்கும் நல்லாற்றின் நின்ற துணை' என்பது 41ஆம் குறள். பத்துக் குறள் கடந்து, 51ஆம் குறளில் அதே சொல் மனைவிக்கு வருகிறது: 'வளத்தக்காள் வாழ்க்கைத் துணை'.