பருப்பைக் குறைத்தும் பாஸ்பரஸ் குறையவில்லையா?

சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. அங்கே அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "பாலை நிறுத்திட்டோம், பருப்பு எப்பவாவதுதான். அப்படியும் பாஸ்பரஸ் இறங்க மாட்டேங்குது மேடம்." நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் அது 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். இவர்களின் ரிப்போர்ட்டில் 7-ஐத் தாண்டியிருக்கும்.

வீட்டில் வாங்கும் பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்வேன். டயாலிசிஸில் இருக்கும் ஒருவரின் மகள் கொண்டுவந்த பையில் உடனடி நூடுல்ஸ், சீஸ் துண்டுகள், ஃப்ரோஸன் சிக்கன் நக்கெட்ஸ், ஒரு கோலா பாட்டில். நூடுல்ஸ் கவரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 451, அதாவது உணவில் சேர்க்கும் ஒரு பாஸ்பேட் உப்பின் குறியீட்டு எண். கோலாவில் 338, அதாவது பாஸ்பாரிக் அமிலம். "அப்பாவுக்கு வாய் கசக்குதுன்னு தினமும் கொஞ்சம் கோலா கொடுக்கிறோம்" என்றார் அந்தப் பெண்.

பருப்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லை. பாதியோ அதற்கும் குறைவோதான் ரத்தத்தில் சேரும். உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளுக்கு அந்தத் தடையே கிடையாது, 90 சதவீதம் வரைகூட உள்ளே போய்விடும். அதற்காகப் பருப்பை இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் பருப்பைத் துரத்திவிட்டு நக்கெட்ஸை உள்ளே விடுவது நியாயமே இல்லை. இன்னொன்று, பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் பலன். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் குடிக்கும் கோலாவுக்கு மாத்திரையும் காவல் இல்லை.

பாஸ்பரஸ் தொடர்ந்து ஏறியே இருந்தால் தூங்கவிடாத அரிப்பு வரும், எலும்பு பலவீனமாகும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியும். நான் அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான், அது இதயத்தில் போய் முடியும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று நாள் வரம்பு வைத்தபோதே, சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது.

கவரில் தேட வேண்டிய எண்கள்: 338 முதல் 341 வரை, பிறகு 450, 451, 452. எத்தனை மில்லிகிராம் என்று அங்கே இருக்காது. நம் நாட்டில் பாஸ்பரஸ் அளவை அச்சிடுவது கட்டாயமில்லை. கட்டாயமாக்கியே ஆக வேண்டும். அதுவரை, அடுத்த முறை வரும்போது ரிப்போர்ட்டோடு கவர்களையும் எடுத்து வாருங்கள்.