விக்டோரியா சாண்ட்விச்: ரொட்டியே இல்லாத சாண்ட்விச்

விக்டோரியா சாண்ட்விச் என்ற பெயரைக் கேட்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் வரும் என்று உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவீர்கள். இது கேக். வட்டமான இரண்டு ஸ்பான்ஜ், நடுவில் ராஸ்பெரி ஜாம், பல வீடுகளில் அதோடு அடித்த கிரீம், மேலே சர்க்கரைத் தூவல், அவ்வளவுதான்.

சாண்ட்விச் முதலில் ஓர் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் பழைய துறைமுகம். பழைய ஆங்கிலத்தில் சாண்ட் மணல், விக் என்பது குடியிருப்பு அல்லது சந்தை ஊர். நம் பக்கம் இருந்திருந்தால் மணற்பாக்கம் என்றிருப்பார்கள். அந்த ஊரைப் பட்டமாகக் கொண்ட நான்காம் பிரபு ஜான் மாண்டேகு (1718–1792) சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கேட்டார் என்பது கதை, இல்லை, வேலை மேசைதான் என்று அவருக்காகப் பரிந்து பேசுபவர்களும் உண்டு. எப்படியோ, பிரபுவின் பெயர் பண்டத்துக்குப் போய், அப்புறம் இரண்டுக்கு நடுவே ஒன்றை வைப்பது என்ற வினையாகவே ஆகிவிட்டது. கேக்கின் பெயரில் இருப்பது இந்தக் கடைசிப் பொருள்தான்.

விக்டோரியா, மகாராணிதான். 1861இல் வந்த திருமதி பீட்டனின் இல்ல நிர்வாக நூலிலேயே செய்முறை இருக்கிறது: 4 முட்டை, அதே எடைக்குச் சர்க்கரை, வெண்ணெய், மாவு. அதை நீளத் துண்டுகளாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொல்கிறார். ஆல்ஃபிரட் பேர்ட் 1843இலேயே பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்திருந்தாலும் பீட்டனின் செய்முறையில் அது இல்லை. இன்றைய உப்பலான வட்டக் கேக் அந்தப் பவுடரின் கொடை. கிரீமும் பீட்டனின் செய்முறையில் கிடையாது, ஜாம் மட்டும்தான். இங்கிலாந்தின் மகளிர் சங்கப் போட்டிகளில் இன்றும் ராஸ்பெரி ஜாம்தான் முறை, கிரீம் வைத்தால் மதிப்பெண் போகும். போட்டிக்குப் போகாதவர்கள் தாராளமாக வைக்கலாம், என் ஓட்டு கிரீமுக்குத்தான்.

எடைக் கணக்கு இன்றும் அதேதான். நான்கு முட்டையை ஓட்டோடு நிறுத்தால் ஏறக்குறைய 225 கிராம் வரும், மற்ற மூன்றும் அதே அளவு, 20 செ.மீ. தட்டு இரண்டு, 180 டிகிரியில் 20–25 நிமிடம். கேக் முழுக்க ஆறிய பிறகே கிரீம் தடவ வேண்டும். லேசான சூடு இருந்தாலும் அதிலுள்ள கொழுப்பு உருகி, அடித்தபோது பிடித்து வைத்த காற்று வெளியேறி, மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, தமிழில்? சாண்ட்விச்சுக்கு ரொட்டியை வைத்து உருவாக்கும் எந்தச் சொல்லும் இங்கே உதவாது. கேக்குக்கு அணிச்சல் என்று ஒரு சொல் இருக்கிறது, எழுத்தில் உண்டு, நாக்கில் இன்னும் ஏறவில்லை. கிரீமுக்குப் பாலேடு. காய்ச்சிய பாலில் படிவதைத்தான் நாம் ஏடு என்கிறோம், பச்சைப் பாலிலிருந்து பிரிக்கும் கிரீம் அதே பொருள் இல்லை, ஆனாலும் இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. நடுவில் வைப்பதற்குப் புதுச்சொல் எதற்கு, கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணம் இருக்கிறதே.

ஆக, தூய தமிழ் வேண்டுபவர்கள் பாலேட்டு ஈரடுக்கு அணிச்சல் என்று எழுதலாம். வீட்டில் பேசும்போது ஈரடுக்குக் கேக் போதும். விக்டோரியா ஆள்பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.