ஆங்கர் மாறினால் ரேட்டிங் ஏறுமா?

1981 ஆகஸ்டில், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள கேஎம்பிசி என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் தன் செய்தி ஆங்கர் கிறிஸ்டின் கிராஃப்டை அந்த நாற்காலியிலிருந்து இறக்கியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவர் அங்கே வேலையைத் தொடங்கியிருந்தார். வயது கூடிவிட்டது, அழகு போதவில்லை, ஆண்களிடம் பணிவு இல்லை என்று செய்தி இயக்குநர் தன்னிடம் சொன்னதாகப் பிறகு நீதிமன்றத்தில் கிராஃப்ட் சாட்சி சொன்னார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இயக்குநர் மறுத்தார். ஆனால் ஒன்றை யாரும் மறுக்கவில்லை. நிலையம் ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்து நேயர்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. அந்த முடிவுகள் அவருக்கு எதிராக வந்திருந்தன.

வழக்கு பல ஆண்டு நடந்தது. 1983-ல் ஒரு ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை ரத்து செய்தார். 1984-ல் ஜாப்ளின் நகரத்தில் நடந்த மறுவிசாரணையில் இன்னொரு ஜூரி 3,25,000 டாலர் என்றது. 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. மறுஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

வழக்கின் சட்டப் பக்கத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் கணக்குப் பக்கம். ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பதும் இறக்குவதும் எண்களை வைத்துத்தான் நடக்கிறது என்றால், அந்த எண்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும்?

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். யார் என்ன பார்க்கிறார்கள் என்று அளந்து விற்கும் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் உச்சியில். கான்சாஸ் சிட்டி முப்பதுக்குப் பக்கத்தில், நடுத்தரச் சந்தை; தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 10 லட்சம். அங்கே சேனல் 4, 5, 9, 41 என நான்கு நிலையங்கள் செய்தி தயாரிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தேசிய நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை வாங்கி ஒளிபரப்பும். உள்ளூர்ச் செய்தி மட்டும் சொந்தச் சரக்கு. அதற்கு வரும் விளம்பரம்தான் நிலையத்துக்குப் பெரிய வருமானம். அந்தச் செய்திக்கு முகம் ஆங்கர்.

இரண்டு சொற்கள் அடிக்கடி குழம்பும். ரேட்டிங் என்பது தொலைக்காட்சி உள்ள எல்லா வீடுகளிலும் எத்தனை சதவீதம் இந்தச் செய்தியைப் பார்த்தது என்பது. ஷேர் என்பது அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் மட்டும் எத்தனை சதவீதம் என்பது. நூறு வீட்டில் ஐம்பது வீடு டிவி போட்டிருக்க, அதில் எட்டு வீடு சேனல் 9 பார்த்தால் ரேட்டிங் 8, ஷேர் 16. கோடையில் எல்லாரும் வெளியே சுற்றப் போய்விட்டால் ஷேர் அப்படியே இருக்க ரேட்டிங் மட்டும் விழும். ஆங்கர் பாவம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இதை எப்படி அளந்தார்கள்? ஒரு காலத்தில் நடுத்தர, சிறிய சந்தைகளில் முக்கியக் கருவி ஒரு காகித டைரி. குலுக்கலில் தேர்ந்த வீடுகளுக்கு நீல்சன் ஒரு சின்னக் கையேட்டை அனுப்பும். நன்றியாகக் கொஞ்சம் பணமும் உறையில் இருக்கும். ஒரு வாரம், கால் மணிக்கு ஒரு கட்டம். யார், எந்த சேனல், என்ன நிகழ்ச்சி என்று எழுதித் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். நாடு முழுக்க ஆண்டு முழுவதும் இதைச் செய்ய முடியாது என்பதால் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் என நான்கு மாதங்களில் மட்டும் செய்தார்கள். அந்த மாதங்களுக்கு ஸ்வீப்ஸ் என்று பெயர். வெளிவரும் அறிக்கையைத் துறையில் 'புக்' என்பார்கள். நல்ல புக், மோசமான புக். மோசமான புக் வந்தால் நிலையத்தில் முகங்கள் தொங்கிவிடும்.

டைரி அளந்தது பார்த்ததை மட்டுமல்ல, நினைவில் இருந்ததையும் சேர்த்துத்தான். பலர் அன்றன்றைக்கு எழுதுவதில்லை. வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்ன பார்த்தோம்? "நாம எப்பவும் ஒன்பதுதானே" என்று எழுதிவிடுவார்கள். அன்று பார்க்காமல் தூங்கியிருந்தாலும் சரி. ஊரில் பெயர் ஊன்றிய பழைய ஆங்கர் இருந்தால் அவருக்கு இது சாதகம். நிலையங்கள் தங்கள் சேனல் எண்ணையும் செய்தியின் பெயரையும் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: டைரி எழுதும் கையில் அந்தப் பெயர் தானாக வந்துவிழ வேண்டும்.

கொஞ்சம் பெரிய ஊர்களில் மீட்டர் வந்தது. டிவியில் பொருத்திய கருவி எந்த சேனல் ஓடுகிறது என்று தானே குறித்துக்கொள்ளும். மறதிப் பிரச்சினை தீர்ந்தது. எண்ணிக்கைப் பிரச்சினை தீரவில்லை. இத்தகைய சந்தைகளில் மீட்டர் இருந்தது நானூறு, ஐநூறு வீடுகளில்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது. அதனால் ஒன்றை நசுக்கினால் போதும். வீடுகள் அப்படி இல்லையே. சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 500 வீடு மாதிரி. ஊரில் உண்மையான ரேட்டிங் 8 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் 40 வீடு அந்தச் செய்தியைப் பார்க்க வேண்டும். ஆனால் குலுக்கலில் அச்சுப் பிசகாமல் 40 விழாது. 500-ஐ 0.08-ஆலும் 0.92-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 6 வருகிறது. அதாவது 34 வீடோ 46 வீடோ விழுவது மிகச் சாதாரணம். 28 முதல் 52 வரை விழுவதுகூட வியப்பில்லை. ரேட்டிங்காகச் சொன்னால் 5.6-லிருந்து 10.4 வரை. ஊரில் ஒரே ஒரு ஆள்கூட சேனலை மாற்றாமல், புக்கில் மட்டும் 9 ஆறரையாகலாம், ஆறரை ஒன்பதாகலாம்.

ஒரு மாதம் முழுக்கப் பார்க்கிறார்களே, இருபது நாள் சராசரி எடுத்தால் பிழை குறைந்துவிடாதா என்று கேட்கலாம். மீட்டர் வீடுகளில் அவ்வளவாகக் குறையாது. சேனல் 9 பார்க்கும் வீடு திங்கள்கிழமையும் அதையே பார்க்கும், வியாழக்கிழமையும் அதையே பார்க்கும். ஒரே 500 வீட்டை இருபது முறை கேட்பது 10,000 வீட்டைக் கேட்பதற்குச் சமமாகாது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. விளம்பரக்காரர்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. 25 முதல் 54 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்கிறார்கள். மாதிரியில் அந்த வயதில் 300 பேர் இருந்து ரேட்டிங் 3 என்றால், பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதே பேர். அதில் மூன்று பேர் அந்த மாதம் இரவு வேலைக்கு மாறினால் ஆங்கர் தன் நேயர்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டார் என்று எழுதப்படும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். நிலையம் எப்போது ஆங்கரை மாற்றுகிறது? மோசமான புக் வந்த பிறகு. மோசமான புக் எப்படி வருகிறது? உண்மையான சரிவு கொஞ்சம், குலுக்கலின் துரதிர்ஷ்டம் கொஞ்சம். துரதிர்ஷ்டம் அடுத்த புக்கிலும் அதே அளவில் வரும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆகவே யாரை உட்கார வைத்தாலும், பழைய ஆளையே விட்டிருந்தாலும், அடுத்த எண் பெரும்பாலும் மேலே ஏறியிருக்கும். காய்ச்சல் 104-ஐத் தொட்ட இரவில் வேப்பிலை அடித்தால் மறுநாள் காய்ச்சல் இறங்குவதைப் போலத்தான் இதுவும். உச்சத்தில் இருப்பது எப்படியும் இறங்கும். வேப்பிலைக்குப் பெயர் கிடைக்கும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது இதைக் கண்டார். புது ஆங்கர் வந்தார், ரேட்டிங் ஏறியது என்று நிலையத்தில் கேக் வெட்டும்போது, அந்த ஏற்றத்தில் எவ்வளவு அவருடையது என்பது யாருக்கும் தெரியாது. போனவர் மட்டும் திரும்பி வரப் போவதில்லை.

ஆங்கர் அல்லாத காரணங்களும் ரேட்டிங்கைத் தள்ளுகின்றன, பலமாகவே தள்ளுகின்றன. பெரியது, செய்திக்கு முன்னால் ஓடும் நிகழ்ச்சி. இதை லீட்-இன் என்பார்கள். ரிமோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவர் அடுத்து வருவதைப் பார்த்துவிடுவார். 2009 செப்டம்பரில் என்பிசி நெட்வொர்க், இரவு நாடகங்கள் ஓடிய இடத்தில் வாரம் ஐந்து நாளும் ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சியைப் போட்டது. கான்சாஸ் சிட்டி நேரப்படி அது ஒன்பது மணி. பத்து மணிக்கு உள்ளூர்ச் செய்தி. நாடெங்கும் என்பிசி நிலையங்களின் இரவுச் செய்தி நேயர்களை இழந்தது. அதே ஆங்கர்கள், அதே வானிலைக்காரர், அதே செட். நிலையங்கள் கொதித்துப்போய் நெட்வொர்க்கை நெருக்கின; 2010 பிப்ரவரியில் அந்த நிகழ்ச்சி முடிந்தது. யாரும் திட்டமிடாமல் நாடு முழுக்க நடந்த ஒரு பரிசோதனை என்றே இதைச் சொல்வேன்.

கான்சாஸ் சிட்டிக்கு அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. 1994 செப்டம்பரில் சேனல் 4 என்பிசியை விட்டு ஃபாக்ஸ் நெட்வொர்க்குக்குப் போனது; என்பிசி சேனல் 41-க்கு வந்தது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு உரிமையை ஃபாக்ஸ் 158 கோடி டாலருக்கு வாங்கியதில் கிளம்பிய அலை அது. ஒரே இரவில் ஊரின் லீட்-இன்கள் இடம் மாறின. அப்படிப்பட்ட ஆண்டில் ஏறிய, இறங்கிய எண்களை யார் பெயரில் எழுதுவது? சாதாரண ஆண்டுகளிலும் உள்ளூர் அணியான சீஃப்ஸின் ஆட்டம் முடிந்த கையோடு வரும் செய்திக்குக் கூட்டம் சேரும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் எல்லாச் சேனலுக்கும் சேரும்.

அப்படியென்றால் ஆங்கரால் ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், திரையில் தினம் பார்க்கும் முகத்தோடு நேயருக்கு ஒருவழி நட்பு உருவாகிறது என்று எழுதினார்கள். அந்த நட்பு உண்மையானது. நமக்கும் பழக்கமானதுதான்: ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர்களைப் பல வீடுகளில் உறவுக்காரர்போலப் பேசுவார்கள். ஆனால் நட்பு ஆண்டுக்கணக்கில் விளைவது. புது முகத்தை முதலில் பிடிக்காமல் போவதும் அதனால்தான். பழைய நண்பரின் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். முதல் சில மாதங்களில் கருத்துக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அந்த அன்னியத்தின் அளவு.

கிராஃப்டின் கதையில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் சிறு குழுக்களாக ஆட்களை உட்காரவைத்து அவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்புறம் சுமார் 400 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, போட்டிச் சேனல்களின் பெண் ஆங்கர்களோடு அவரை ஒப்பிட்டார்கள். அவர் ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மேலும், சிறு குழுவில் முதலில் குரல் உயர்த்துபவர் மற்றவர்களின் கருத்தை இழுத்துச் செல்வார். பெண்ணின் தலைமுடி, உடை பற்றி மதிப்பெண் கேட்டால் மக்கள் அதற்கும் மதிப்பெண் போடுவார்கள்; வீட்டில் செய்தி பார்க்கும்போது அதற்காகச் சேனலை மாற்றினார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே ஒருவருடைய ஆங்கர் நாற்காலி போனது என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அளவீடு பிறகு மாறியது. 2018-ல் நீல்சன் காகித டைரியை நிறுத்தியது. இப்போது கேபிள், சாட்டிலைட் பெட்டிகளிலிருந்து வரும் தரவையும் சேர்க்கிறார்கள். வீடுகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் பெட்டிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பெட்டிக்குத் தெரியாது. டிவியை அணைத்துவிட்டுப் பெட்டியை அணைக்க மறந்தாலும் அதற்குத் தெரியாது. ஆக, அந்த 25–54 வயதுக் கணக்குக்கு ஆட்கள் உள்ள மாதிரி இன்னும் தேவைப்படுகிறது. இந்தியாவிலும் இதே நோய் உண்டு. மும்பையில் டி.ஆர்.பி. முறைகேட்டுப் புகார் எழுந்த பின் 2020 அக்டோபரில், இங்கே ரேட்டிங் அளக்கும் பார்க் அமைப்பு செய்திச் சேனல்களின் வார ரேட்டிங்கை நிறுத்தியது. 2022 மார்ச்சில் மீண்டும் வெளியிட்டபோது நான்கு வாரச் சராசரியாகத்தான் கொடுத்தது. தனி வாரத்தின் ஆட்டத்தை அடக்க அது ஒரு வழி.

கடைசியாக ஒரு கணக்கு. புது ஆங்கரால் ரேட்டிங் உண்மையிலேயே ஒரு புள்ளி ஏறியதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல எத்தனை வீடு வேண்டும்? ரேட்டிங் 8-ஐ ஒட்டி இருந்தால், மாற்றத்துக்கு முன் ஏறத்தாழ 5,900 வீடு, பின் 5,900 வீடு. ஆண்டுக்கு நான்கு புக், ஒவ்வொன்றிலும் புதிய 500 வீடு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், பழையவருக்கு மூன்று ஆண்டு, புதியவருக்கு மூன்று ஆண்டு. அதற்குள் லீட்-இன் மாறக் கூடாது, போட்டிச் சேனல் தன் ஆங்கரை மாற்றக் கூடாது. கிறிஸ்டின் கிராஃப்ட் அந்த நாற்காலியில் இருந்தது ஏறத்தாழ எட்டு மாதம். அதற்குள் வந்துபோன ஸ்வீப்ஸ் பிப்ரவரி, மே, ஜூலை என மூன்று.